வாசகர் கேள்வி – பதில்: ‘பிரபுத்த பாரதம்’ பிறந்த கதை

‘பிரபுத்த பாரதம்’ கல்கத்தா பத்திரிகைதானே? அது சென்னையில் தொடங்கியது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா? (மதுரை வாசகர்)

உண்மை. 1896 ஜூலையில் சென்னையில் முதல் இதழ் வந்தது. பெயருக்கு ‘விழித்தெழுந்த இந்தியா’ என்று பொருள். ஆங்கில மாதப் பத்திரிகை. விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் நடத்தினார்கள், ஆசிரியர் பி.ஆர். ராஜம் ஐயர். ஆமாம், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய அதே வத்தலக்குண்டுக்காரர்தான். அப்போது அவருக்கு வயது 24.

அதற்கு முந்தைய ஆண்டே விவேகானந்தரின் சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாள் ‘பிரம்மவாதின்’ தொடங்கியிருந்தார். அது கனமான வேதாந்தம், படித்தவர்களே திணறுவார்கள். எனவே புதிய பத்திரிகையைப் புலமைக் காட்சியாக ஆக்காதீர்கள், சம்ஸ்கிருத நூல்களில் சிதறிக் கிடக்கும் கதைகளை எளிமையாக எழுதிப் போடுங்கள் என்று 1896 ஏப்ரலில் சென்னை அன்பர் டாக்டர் நஞ்சுண்ட ராவுக்கு விவேகானந்தர் எழுதினார். ராஜம் ஐயருக்கு இது கைவந்த வேலை. வெவ்வேறு புனைபெயர்களில் ஒரே இதழில் பல கட்டுரைகளை அவரே எழுதினார்.

முதல் இதழின் அட்டையைப் பார்த்து விவேகானந்தர் கோபப்பட்டாராமே? (திருநெல்வேலி வாசகி)

கோபம்தான். இதழ்கள் கிடைத்தன, திருப்தி என்று இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதத்திலேயே அட்டையை மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்கிறார். ஆலமரம், மலை, ஒரு முனிவர், ஓர் ஐரோப்பியத் தம்பதி என்று எல்லாவற்றையும் ஓர் அட்டைக்குள் திணித்திருந்தார்கள். இதில் எது விழிப்பைக் குறிக்கிறது என்பது அவர் கேள்வி. மனித உருவமே வேண்டாம், தாமரை போதும் என்றார். இன்றைக்கும் ஆன்மிக மலர்களின் அட்டை வடிவமைப்பாளர்கள் படிக்க வேண்டிய கடிதம்.

பத்திரிகை இரண்டே ஆண்டில் நின்றது ஏன்? சந்தா வரவில்லையா? (சேலம் வாசகர்)

சந்தா காரணமில்லை, ஆள் இல்லாமல் போனதுதான். 1898 மே 13 அன்று ராஜம் ஐயர் காலமானார். ஜூன் இதழோடு நிறுத்தினார்கள். ஒருவர் பேனாவை நம்பியே ஓடும் பத்திரிகைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

விவேகானந்தர் அப்போது இமயமலையிலுள்ள அல்மோராவில் இருந்தார். சீடர் கேப்டன் சேவியர் செலவை ஏற்றுக்கொள்ள, கை அச்சு இயந்திரம், ஈய எழுத்து, காகிதம், மை எல்லாம் தருவித்தார்கள். சுவாமி சுவரூபானந்தர் ஆசிரியரானார். ஜூலை மட்டும் இதழ் இல்லை. ஆகஸ்டில் அல்மோராவிலிருந்து வந்துவிட்டது. 1899 மார்ச் 19 அன்று அதே மலைப்பகுதியிலுள்ள மாயாவதியில் அத்வைத ஆசிரமம் தொடங்கியதும் அச்சகமும் அங்கே போயிற்று. ஆசிரமத்தின் பதிப்பகத்துக்கு விதை அந்த அச்சகம்தான். விவேகானந்தரின் முழுத் தொகுப்பை 1907 முதல் வெளியிட்டது இந்த ஆசிரமமே. அதனால்தான் அதற்கு ‘மாயாவதி நினைவுப் பதிப்பு’ என்று பெயர்.

ஆறாயிரம் அடிக்கு மேல் மலையில் அச்சகம் நடத்துவதில் என்ன சிரமம்? (கோவை, அச்சுத் தொழில் செய்யும் வாசகர்)

உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும். கை அச்சு வேலைக்குப் பொதுவான கணக்கு இது: இருவர் நின்றால், ஒருவர் மை தடவ ஒருவர் இழுக்க, மணிக்கு 200 தாள் தேறினால் அதிகம். ஒரு பாரத்துக்கு (ஒரே இழுப்பில் அச்சாகும் பக்கங்களின் கட்டு) 4 பக்கம் வைத்து, 16 பக்க இதழில் 1,000 பிரதி எடுக்க வேண்டும் என்றால் 4 பாரம், 4,000 இழுப்பு. இடைவிடாமல் உழைத்தாலும் 20 மணி நேரம். அச்சுக்கோப்பும் பிழைதிருத்தமும் தனி.

குளிரில் மை இறுகும். மை தடவும் அந்தக் கால உருளை பசையும் வெல்லப்பாகும் கலந்து வார்த்தது; குளிரில் அது விறைத்துவிட்டால் எழுத்தின் மீது மை சீராகப் படியாது, நடுவில் வெளுத்து ஓரம் கறுக்கும். உருளையைக் கணப்பருகே மிதமாகச் சூடேற்றலாம், அதிகமானால் உருகிவிடும். ஈய எழுத்துக் கையிருப்பு குறைவாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஒரு பாரத்தை அடித்து, எழுத்துகளைக் கழுவி, பெட்டி அறைகளில் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்ததைக் கோக்க முடியும். பிரிக்கும்போது ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் அது அடுத்த பாரத்தில் பிழையாக முளைக்கும். பழைய இதழ்களில் ‘n’ இருக்க வேண்டிய இடத்தில் ‘u’ தென்பட்டால் எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள்.

தாத்தா வைத்திருந்த பழைய இதழ்க் கட்டில் தொகுதி எண் மட்டும் இருக்கிறது. ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (தஞ்சை வாசகர்)

தொகுதி எண்ணோடு 1895ஐக் கூட்டுங்கள். 30 என்றால் 1925. முதல் இரண்டு தொகுதிகளுக்கு மட்டும் இது முழுதாகப் பொருந்தாது. அவை ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிபவை. முதல் தொகுதி 1896 ஜூலை முதல் 1897 ஜூன் வரை, இரண்டாவது 1898 ஜூன் வரை. சென்னை முகவரி இருந்தால் அவை இந்த இரண்டில் ஒன்றுதான், பத்திரமாக வையுங்கள். அல்மோரா என்றிருந்தால் 1898 ஆகஸ்டு அல்லது அதற்குப் பிந்தியது.

தாள் பழுப்பேறி ஓரம் உதிர்ந்தால் செலோடேப் ஒட்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். லேமினேஷனும் கூடாது. அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, படுக்கை வசமாக, ஈரச் சுவரைத் தொடாமல் வையுங்கள். நகல் வேண்டுமென்றால் கட்டை விரித்து அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள்.