வழக்கொழிந்துபோன, ஆனால் சுவாரசியமான ஆங்கிலச் சொல் ஒன்று சொல்லுங்களேன்?

டியோடாண்ட். இங்கிலாந்திலேயே சட்ட வரலாறு படித்தவர்களைத் தவிர வேறு யாருக்காவது இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒருவருடைய சாவுக்குக் காரணமான பொருளுக்கோ விலங்குக்கோ அந்தப் பெயர். 'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் வண்டி ஏறியோ மாடு முட்டியோ ஒருவர் செத்துப்போனால், மரண விசாரணை நடத்தும் கொரோனரின் ஜூரி அந்த வண்டிக்கோ மாட்டுக்கோ ஒரு விலை போடும். உரிமையாளர் மேல் தப்பு இருக்கிறதா என்ற பேச்சே கிடையாது, அந்தத் தொகையை அரசருக்குக் கட்டிவிட வேண்டும். அதைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுவதாக ஏற்பாடு. செத்தவர் குடும்பத்துக்குச் சட்டப்படி ஒன்றும் வராது!

இதிலும் நுணுக்கமெல்லாம் உண்டு. 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் விளக்குவதைப் பாருங்கள்: நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறும்போது விழுந்து செத்தால் சக்கரம் மட்டும்தான் டியோடாண்ட், ஓடுகிற வண்டி ஏறிச் செத்தால் சக்கரத்தோடு வண்டியும் அதிலிருக்கும் சரக்கும் சேர்த்தி, ஏனென்றால் அந்தப் பாரமும் சேர்ந்துதான் ஆளை நசுக்கியது. எனக்கு இது அபத்தமாகத் தெரியவில்லை, ஒருவிதக் கணக்கு இருக்கிறது.

காலப்போக்கில் ஜூரிகள் பெயருக்கு ஒரு சின்னத் தொகை போட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் ரயில் வந்தது. 1841 டிசம்பர் 24 அன்று சானிங் என்ற இடத்தில், மழையில் சரிந்து தண்டவாளத்தில் கிடந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனியின் வண்டி மோதியது. திறந்த பெட்டிகளில் இருந்த மூன்றாம் வகுப்புப் பயணிகள் பலர் செத்தார்கள். லண்டனில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை பார்த்த கல்தச்சர்கள் அந்த ரயிலில் கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். ஜூரி அந்த எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுண்டு டியோடாண்ட் போட்டது. வண்டி மாட்டுக்கு வைத்த சட்டம் ரயில் எஞ்சின் வரைக்கும் நீண்டால் கம்பெனிகள் சும்மா இருக்குமா?

1846-இல் டியோடாண்டை ஒழித்தார்கள். அதே ஆண்டு, அலட்சியத்தால் ஒருவர் செத்தால் அவர் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்று தனிச் சட்டமும் வந்தது. இந்தியாவில் 1855-இல் கொண்டுவந்த உயிரிழப்பு விபத்துச் சட்டம் அதைப் பார்த்து எழுதியதுதான்.