பாதி வாழைப்பழம் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 46 வயது. கோவையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். என் கணவர் புது ரோடு சைக்கிள் வாங்கியபோது அவருடைய பழசு எனக்கு வந்தது. அவர் ஐந்தடி பத்து அங்குலம், நான் ஐந்தடி இரண்டு. சீட்டை முழுக்க இறக்கிச் சமாளிக்கிறேன். தினமும் 4.30-க்குக் கிளம்பி 6.30-க்குள் வந்துவிடுவேன், அப்புறம் டிபன், லஞ்ச் பாக்ஸ். ஞாயிறு மட்டும் நீண்ட தூரம். முந்தின ராத்திரியே குருமா செய்து வைத்துவிடுவேன். வயிறு கனமாக இருந்தால் ஓட்ட முடியாது என்று ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.

இந்த டிசம்பரில் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்ட ஆசை. ஆனால் ஆடி மாதம் பல்லடம் தாண்டிப் போய்த் திரும்பும்போது சூலூர் கிட்டே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கணவர் வந்து காரில் அழைத்துப் போனார். கை விரல்கள் மரத்துப் போகின்றன. மாதவிலக்கும் முன்போல இல்லை. குழுவில் இருக்கும் இளைஞர்கள் கார்பன் பிரேம், பவர் மீட்டர் என்கிறார்கள். மாமியார், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்கிறார். நீங்கள் பிரெவே ஓட்டியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். 46 வயதில் தொடங்குவது தாமதமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

பிரெவே தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. அது பந்தயம் இல்லை. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே சான்றிதழ்தான். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும். டீ குடிப்பதும், ஒட்டுவதும், மரத்தடியில் படுப்பதும் எல்லாம் அந்த நேரக்கணக்குக்குள்தான்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சைக்கிள் டைம் டிரயல் தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங்குக்கு மறுநாள் 43-வது பிறந்தநாள். அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முன்னால் அதே நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ் வில்லார்ட் என்ற அம்மையார் 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, தன் சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். போதுமா? வயது விஷயம் முடிந்தது. கார்பன், பவர் மீட்டர் எல்லாம் கடைக்காரரிடம் பேச வேண்டிய விஷயம். அலுமினியத்திலேயே 600 ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷம். இரண்டாவது முறை ஏதோ உறுத்தியது. மூன்றாவது முறை கோபமே வந்துவிட்டது. கணவர் புதுசு வாங்கியதால் பழைய சைக்கிள். வீட்டு வேலைக்கு முன்னால் மிஞ்சுகிற இரண்டு மணி நேரம். வயிற்றுக்கு ஒரு காபி. நீங்கள் 200 கிலோமீட்டரை மிச்சத்தை வைத்து ஓட்டப் பார்க்கிறீர்கள். சூலூரில் உங்கள் கண்ணை இருட்டியது 46 வயதா?

கணக்குப் பிரிவில் இருப்பவர்தானே, கணக்கே போடுவோம். தசையிலும் ஈரலிலும் நம் உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் வரும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் ஈரலில் இருப்பதில் பெரும்பகுதி அப்போதே செலவாகியிருக்கும். நீங்கள் அதன்மேல் ஒரு காபியை ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள். அதுவும் ஆடியில்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அம்மியைத் தூக்குகிற மாதத்தில் கிழக்கே பல்லடம் பக்கம் போயிருக்கிறீர்கள். போகும்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்திருக்கும், இன்று நல்ல ஃபார்மில் இருக்கிறோம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். திரும்பும்போது அந்தக் காற்று முழுக்க நெஞ்சில். காலிப் பெட்டியிலிருந்து எடுக்க எதுவும் இல்லாத நேரத்தில் செலவு ஏறியது. ஓட்டுபவர்கள் இதை ‘பாங்க் (bonk) ஆகிவிட்டது’ என்பார்கள். இருபது வயதுப் பையனும் இப்படிக் கிளம்பினால் சூலூரில்தான் உட்காருவான், என்ன, அவன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

நான் ஓட்டிய காலத்தில், நாற்பத்தெட்டு வயதில், ஒரு 300-ல் பாதி வழியில் முத்திரை வாங்க ஒரு டீக்கடையில் நின்றோம். எங்கள் கூட்டத்தில் இரண்டே பெண்கள். ஆண்கள் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அவர்களில் ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், நின்றபடியே ஒரு வாழைப்பழத்தை உரித்தார். பாதியைச் சாப்பிட்டார். மீதிப் பாதியைத் தோலைத் திரும்ப மூடி, மூக்குக்கண்ணாடியை உறையில் போடுவது போலப் பத்திரமாக ஜெர்சியின் பின்பையில் வைத்துக்கொண்டார். “ஏன் மேடம், முழுசாச் சாப்பிடலாமே” என்றேன். “அப்புறம் வேணும்னா?” என்றார். கடையில் தார் தாராகப் பழம் தொங்குகிறது. யாருக்கு அப்புறம்? அங்கே அவருக்குப் பிள்ளையும் இல்லை, கணவரும் இல்லை. அந்தக் கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது என் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில், நமணசமுத்திரம் தாண்டி. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்து சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன், தொண்டனாகச் சேர்ந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் வாடகை சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் என் வேலை. கல்குவாரிப் பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், ஆயாக்கள், டீச்சர்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், இதுவே தேவலை என்றவர்களும் உண்டு. (அவர்கள் ஆண்கள் சைக்கிளில் ஓட்டவில்லையா, நான் கணவருடையதை ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டினார்கள். தண்ணிக்கும் சந்தைக்கும் ஓட்டினார்கள், பதின்மூன்று மணி நேரம் குனிந்தபடி ஓட்டவில்லை.)

அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. நான்தான் கேரியரைப் பிடித்தேன். ஒன்பதாவது நாள் விட்டுவிட்டேன், அவளுக்குத் தெரியாது, அரச மரம் வரை என்னோடு பேசிக்கொண்டே போனாள்.

1992 மகளிர் தினத்தையொட்டி புதுக்கோட்டையில் பெண்களின் சைக்கிள் ஊர்வலம். 1500 பேருக்கு மேல், கைப்பிடியில் கொடி, ஒரே மணிச்சத்தம். எங்கள் ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே போனோம். நான் முன்னால், அம்மா பின்னால். யாரோ எல்லோருக்கும் புளிசாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பும்போது மாசி வெயில். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சைக்கிள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “வயசான காலத்துல உனக்கு இதெல்லாம் எதுக்கும்மா?”

ஆக, உங்கள் மாமியாரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. அவர் வாயில் வந்தது முப்பது வருடத்துக்கு முன் என் வாயில் வந்ததுதான், அதுவும் சைக்கிள் சொல்லிக்கொடுத்தவன் வாயிலிருந்து.

தண்ணீர் தெளிக்கப் பையைத் தேடினேன். கேரியரில் ஒரு துண்டால் கட்டிய மூட்டை. அவிழ்த்தால், புளிசாதப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. சணல் முடிச்சுகூட அவிழவில்லை. காலையிலும் எங்களுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு அவள் நீராகாரம்தான் குடித்திருக்கிறாள். கண் திறந்ததும், “அதை எடுக்காதடா, தம்பிக்கு வச்சிருக்கேன்” என்றாள். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானும் தம்பியும் பங்கு போட்டுத் தின்றோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த டீக்கடையில் பாதிப் பழம் பைக்குள் போனபோதுதான் தோன்றியது, இருபத்தைந்து வருடம் கழித்து.

சரி. உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நாலு இட்லி. வயிறு கனக்கும் என்பீர்கள். முதல் இரண்டு வாரம் கனக்கும், அப்புறம் பழகிவிடும், வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். ஓட்ட ஆரம்பித்த பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஜெல் எல்லாம் தேவையில்லை, இரண்டு பூவன் பழமும் ஒரு கடலை மிட்டாயும் கணக்குக்குச் சரியாக வரும். முழுப் பழம். பசித்த பிறகு சாப்பிடுவது இல்லை, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றாதீர்கள், உப்பும் சேர வேண்டும். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் அதைவிட மேல் எதுவும் இல்லை. முத்திரை வாங்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உட்கார்ந்து.

மாதவிலக்கு முன்போல இல்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ரத்தப்போக்கு கூடியிருந்தால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், முன்னது சரியாக இருக்கும்போதே பின்னது தரைதட்டியிருக்கலாம். சைக்கிள் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அப்படி இல்லை. உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்குவதால் எலும்புக்கு வேலையே வராது. உங்கள் வயதில் எலும்பு கரையத் தொடங்கும் காலம். வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள். இதையும் காலி வயிற்றில் செய்யாதீர்கள்.

விரல் மரத்துப்போவதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சீட்டை இறக்கினால் உயரம்தான் குறையும், நீளம் குறையாது. கைப்பிடியை எட்டிப் பிடிக்க நீங்கள் உடம்பின் எடையையெல்லாம் உள்ளங்கையில் ஊன்றுகிறீர்கள், அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது. உங்கள் உயரத்துக்கு 48 அல்லது 50 அளவு பிரேம் வரும். அவருடையது 56 இருக்கும். சீட்டும் அவருடையதுதானே? உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குப் பொதுவாக அதிகம். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படிக்கட்டில் போட்டு, அதன்மேல் முன்னால் குனிந்து அழுத்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அந்த அளவைக் கடையில் சொல்லுங்கள். உங்கள் கணவர் நல்லவர் என்று தெரிகிறது, சூலூர் வரை கார் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். புது சைக்கிளை அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சம்பாதிக்கிறீர்கள், கேட்கக்கூட வேண்டாம், வாங்குங்கள்.

நேரம். 150 ஓட்டியவர் 200 ஓட்டிவிடுவார், ஆனால் அந்த 150-க்கு உங்கள் வேகத்தில் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். குருமாவை முந்தின ராத்திரியே செய்துவைப்பதால் அந்தப் பத்து மணி நேரம் வந்துவிடாது. இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை சமையல் உங்களுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் கை இருக்கிறது, கோவையில் ஓட்டலுக்கா பஞ்சம்?

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “திரும்பி வரப்ப எதிர்காத்தா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். “அதான்” என்றாள். டிசம்பரில் காற்று கிழக்கேயிருந்து வரும் என்று சொன்னதும் ஒரு தடவை தலையை ஆட்டினாள். ஆக, பல்லடம் பக்கம் போனால் போகும்போது கொஞ்சம் மல்லுக்கட்டல், வரும்போது சௌகரியம்.

முடித்ததும் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் நேராக, அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.