ஆங்கிலப் பாடலாசிரியர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் சேர்ந்து எழுதியபோது பாட்டு வரிகள் முதலில் வந்தனவா, மெட்டு முதலில் வந்ததா?

வரிகள்தான் முதலில். லண்டனில் 1871 முதல் 1896 வரை இருவரும் 14 நகைச்சுவை ஓபராக்களை, அதாவது இசை நாடகங்களை, தந்தார்கள். கில்பர்ட் வரிகளை எழுதி அனுப்புவார். சல்லிவன் உடனே மெட்டுக்குப் போகமாட்டார். ஒரே வரிக்குப் பல தாளக்கட்டுகளைக் குறித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் மெட்டு. எவ்வளவு வேகமாகப் பாடினாலும் ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழுகிறதே, அதற்கு இதுதான் காரணம் என்பேன்.

உரசலும் இருந்தது. 1884-இல் கில்பர்ட் சொன்ன மந்திர மாத்திரைக் கதையைச் சல்லிவன் ஏற்கவே இல்லை. மனித உணர்ச்சியுள்ள கதை வேண்டும் என்றார். சரி என்று கில்பர்ட் அதைக் கைவிட்டு எழுதியதுதான் 'மிகாடோ' (1885). முதல் ஓட்டத்திலேயே 672 முறை மேடையேறியது. அப்புறம் 1890-இல், அவர்களுடைய ஓபராக்கள் நடந்த சவாய் தியேட்டரின் கம்பளச் செலவில் தொடங்கிய சண்டை நீதிமன்றம்வரை போனது. மறுபடி சேர்ந்து இரண்டு ஓபராக்கள் எழுதினார்கள். பழைய வரவேற்பு கிடைக்கவில்லை.