ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்து தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) நோயாளி ஒருவரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பணம் கேட்டு அனுப்பிய கிளைம், என்264 என்ற குறிப்புடன் மறுக்கப்பட்டுள்ளது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த மருத்துவரின் என்.பி.ஐ. எண் (அமெரிக்க மருத்துவர்களுக்கான அடையாள எண்) சரியாகவே இருக்கிறது. தடையில்லாமல் போகட்டும் என்று, அதே மருத்துவக் குழுவின் வேறொரு மருத்துவர் பெயரைப் போடச் சொல்கிறார் உடன் பணிபுரிபவர். போடலாமா?

பதில்: கூடாது. ஸ்கேனை எழுதிக் கொடுக்காத ஒருவரை எழுதிக் கொடுத்தவராகத் தெரிந்தே காட்டுவது, அரசுப் பணத்தைப் பெறப் பொய்த் தகவல் தருவதாகும். அமெரிக்கச் சட்டத்தில் அது கடுமையான குற்றச்சாட்டுக்கு இடம் தரும். அதற்கான தேவையும் இங்கே இல்லை. எண்ணில் பிழை இருந்தால் என்265 என்று வந்திருக்கும்; என்264 சுட்டுவது பெயரை.

எழுதிக் கொடுத்த மருத்துவர், பீகாஸ் எனும் மெடிகேரின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று மெடிகேர் சரிபார்க்கிறது. 2014 ஜனவரி 6 முதல், பொருந்தாத ஸ்கேன், ஆய்வகப் பரிசோதனை கிளைம்கள் மறுக்கப்பட்டு வருகின்றன. எண்ணோடு, குடும்பப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் முதற்பெயரின் முதல் எழுத்தும் அந்தப் பதிவுடன் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்ப் பெயர் கொண்ட மருத்துவர்கள் விஷயத்தில் இங்குதான் பலரும் தடுக்கி விழுகிறோம். பதிவில் குடும்பப் பெயர் ‘சண்முகம்’, முதற்பெயர் ‘குமார்’ என்றிருக்க, சண்முகத்தைத் தந்தை பெயராக எண்ணி இன்ஷியலாகச் சுருக்கி, குமாரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் தட்டச்சு செய்தால், எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் கிளைம் மறுக்கப்படும். ஆகவே பழக்கத்தை நம்பாமல், பதிவில் உள்ளபடியே எழுத்துக்கூட்டிப் போடுங்கள். செல்லப்பெயரோ, ‘டாக்டர்’, ‘எம்.டி.’ போன்ற பட்டங்களோ வேண்டாம்.

கிளைமுக்கான சி.எம்.எஸ். 1500 படிவத்தின் 17ஆம் கட்டத்தில், பெயருக்கு முன்னால் வரும் இரண்டெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். நோயாளியை அனுப்பி வைத்தவருக்கு டி.என்., பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தவருக்கு டி.கே., மேற்பார்வையிட்டவருக்கு டி.க்யூ. உங்கள் எம்.ஆர்.ஐ.க்கு டி.கே. தான் பொருந்தும். 17பி-யில் வரும் பத்து இலக்க எண், அந்தத் தனி மருத்துவருடையதாக இருக்க வேண்டுமே தவிர, அவர் பணிபுரியும் குழுவின் எண்ணாக இருக்கக் கூடாது. மருத்துவர் கையொப்பமிட்ட ஆர்டரைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபார்த்துவிட்டு, பெயரைத் திருத்தி அனுப்புங்கள். அவர் பதிவிலேயே இல்லை என்றால், அதை மருத்துவமனைக்குத் தெரிவித்து அவரைப் பதிவு செய்யச் சொல்வதே வழி.

கேள்வி: எழுதிக் கொடுத்தவர் உரிமம் பெறாத பயிற்சி மருத்துவர் என்றால்?

பதில்: அவருக்குக் கற்பிக்கும் மருத்துவரின் பெயரையும் எண்ணையும் போட வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் எழுதிக் கொடுக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தந்து, அவரும் மெடிகேரில் பதிவு செய்திருந்தால், அவர் பெயரையே போடலாம்.