குடிபெயர்வு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

கேள்வி: அக்கா, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் குடிநுழைவு, குடிபெயர்வு விவகாரங்களைப் படிக்க ஆசை. "அதைப் படிச்சு பாஸ்போர்ட்ல முத்திரை குத்தப் போறியா?" என்று அப்பா கேட்கிறார். எந்தத் துறையில் சேரலாம்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கை, குடிபெயர்வு என்ற பெயரிலேயே ஒரு துறை இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். சட்டம், வரலாறு, மானிடவியல், பொருளாதாரம் என்று எந்த வழியாகவும் இதற்குள் வரலாம். ஒன்றில் நன்றாகக் காலூன்றிவிட்டு, இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுங்கள். என்னைக் கேட்டால் சட்டம்தான் என்பேன். மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, சில சமயம் இரண்டும், போதாததற்கு 6 பிரம்படி வரை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை, அதனால் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரையும் சட்டம் தனியாகப் பார்ப்பதில்லை. இது ஏன் இப்படி இருக்கிறது, யாரை என்ன செய்கிறது என்று கேட்பதுதான் நீங்கள் படிக்கப் போகும் படிப்பு.

அப்புறம், வீட்டிலிருந்தே தொடங்குங்கள். என் பாட்டி சிறுமியாகக் கப்பலேறி வந்து பினாங்கில் இறங்கியவர். உதவிப் பணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்துவதற்கு முன்பு வந்த கூட்டம். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையை ரப்பர் வளையம் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார், ஓரமெல்லாம் நைந்து போயிருக்கும். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தாத்தா குடியுரிமைக்கு மனு போடவே இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, அவ்வளவு காலம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி வேலை போய்விடுமோ என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாராம். கடைசிவரை சிவப்பு அட்டைதான். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கும், தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே தெரிகிறதே ஜெரஜாக் தீவு, கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த இடம் அது. கோலாலம்பூர் போனால் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் (பழைய ஜாலான் டூத்தா) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அப்பாவிடம் சொல்ல: வழக்கறிஞர், ஆய்வாளர், பத்திரிகையாளர், தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள் என்று வழி இருக்கிறது. 2020இல் கட்டாய உழைப்பு புகாரால் மலேசியக் கையுறைகளை அமெரிக்கா தடுத்து நிறுத்தியதே, அதற்குப் பிறகு தொழிலாளர் விவகாரம் தெரிந்த ஆட்களைத் தொழிற்சாலைகளே தேடுகின்றன. எல்லாருக்கும் உடனே வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசும் பெண், ஒரு வங்காளமோ பர்மிய மொழியோ சேர்த்துக் கற்றால் தனித்துத் தெரிவாள்.

கேள்வி: நம் சமூகத்துப் பிரச்சினையே தீரவில்லை, அந்நியத் தொழிலாளர்களைப் பற்றி நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?
- வாசகர், செந்தூல்

பதில்: கோபம் புரிகிறது ஐயா. குடியுரிமைத் தாளுக்காக இன்றும் அலையும் நம் குடும்பங்களை எனக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு வந்தவர்கள் நம் முன்னோர். இன்று ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனோடு வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைக்கிறார். 1966 பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம், பலருக்குத் தெரியவே தெரியாது.

ஐரின் பெர்னாண்டஸை நினைத்துப் பாருங்கள். பெண்கள், அந்நியத் தொழிலாளர்களின் உரிமைக்காக தெனாகனித்தா என்ற அமைப்பைத் தொடங்கி, 300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசி, தடுப்பு முகாம்களின் நிலையை 1995இல் அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டே வழக்கு. 2003இல் ஓராண்டு சிறைத் தண்டனை, மேல்முறையீடு செய்து 2008இல்தான் விடுதலை. தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போராடிய அதே பெண்தான் அந்நியத் தொழிலாளர்களுக்காகவும் நீதிமன்றப் படி ஏறினார். உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கக் கேட்டால் தடுக்காதீர்கள், ஐயா.