போட்டியாளரை வாங்கிய பீர் நிறுவனத்தின் பங்கு மலிவானதா?

போட்டி நிறுவனம் ஒன்றை வாங்கிய பீர் நிறுவனத்தின் விற்பனை பெருகியும் பங்கு விலை இறங்குவதால், பி/இ விகிதத்தை (பங்கு விலை, ஒரு பங்குக்கான இலாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை) வைத்து அதை மலிவெனக் கருதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்விகிதம் கடனை நேரடியாகக் காட்டுவதில்லை. விற்பனை உயர்விலும் பெரும்பகுதி விலைகொடுத்து வாங்கியதாகவே இருக்கும். ஆகவே, இரு நிறுவனங்களும் முன்பே இணைந்திருந்ததாகக் கொண்டு கணக்கிட்டால், விற்ற பீரின் அளவு ஹெக்டோலிட்டரில் (நூறு லிட்டர் கொண்ட அளவு) கூடியதா, விலையேற்றத்தால் மட்டும் வருவாய் கூடியதா என்று முதலில் பாருங்கள்.

கடனே இதில் பெரிய விஷயம். 2016 அக்டோபரில் போட்டி நிறுவனமான சாப்மில்லரை 10,000 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ், செலவைக் குறைப்பதில் கைதேர்ந்த நிறுவனம்தான். ஆயினும், டாலரிலும் யூரோவிலும் பெருங்கடன் இருக்க, வருமானத்தின் கணிசமான பகுதி பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் சரியும் நாணயங்களில் வந்ததால், 2018 அக்டோபரில் ஈவுத்தொகையைப் பாதியாக வெட்டியது. அதுவரை ஈவுத்தொகையை நம்பி வாங்கியவர்களுக்கு அது கசப்பான மருந்து.

உங்கள் நிறுவனத்தின் நிகரக் கடன் (கையிருப்பு ரொக்கம் போக உள்ள கடன்) எபிட்டாவைப்போல் (வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்குமுன் உள்ள இலாபம்) எத்தனை மடங்கு, அது ஆண்டுதோறும் இறங்குகிறதா, ஆலைகளுக்கான மூலதனச் செலவும் வட்டியும் போக மிஞ்சும் ரொக்கம் ஈவுத்தொகைக்குப் போதுமா என்பதை ஆண்டறிக்கையில் தேடுங்கள். போதாதெனில், இந்த விலையிலும் நான் வாங்கமாட்டேன்.