அணுக்கரு இணைவு என்றால் என்ன, அதன் ஆய்வுக்கு அரசுப் பணம் ஏன்?

ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கருக்கள் இரண்டு சேர்ந்து கனமான ஒன்றாவதே அணுக்கரு இணைவு. அப்போது குறையும் சிறிதளவு நிறை ஆற்றலாக வெளிப்படுகிறது. சூரியன் ஒளிர்வதும் இப்படித்தான். கருக்கள் இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கும். அதை மீறிச் சேர்க்கப் புவியில் 10 கோடி டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

பென்னாகரம் பக்கம் ஈர விறகில் களி கிண்டியவர்களுக்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். ஊதுகுழலை எடுத்தால் தீ படுத்துவிடும், புகைதான் மிஞ்சும். இணைவு ஆய்வும் இன்னும் ஊதும் கட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளிக்கு 3.15 மெகாஜூல் ஆற்றல் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த லேசரை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வருமானம் எப்போது என்று சொல்ல முடியாத வேலைக்கு அரசுகள்தாம் பல பத்தாண்டுகளாக முதல் போட்டு வந்துள்ளன. காந்திநகர் அருகே, அணுசக்தித் துறையின் கீழுள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 1989-இல் 'ஆதித்யா' என்ற இணைவு ஆய்வுக் கருவி இயங்கத் தொடங்கியது. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் எழுப்பும் ஐட்டர் என்ற இணைவு ஆய்வு உலையை மூடும் மாபெரும் எஃகுக் கூட்டையும் இந்தியாவே செய்து கொடுத்தது.

இணைவு உலை ஹைட்ரஜன் குண்டுபோல் வெடிக்கும் என்று பலர் அஞ்சுவது தவறு: உள்ளே எந்நேரமும் இருப்பது சில கிராம் எரிபொருளே, கட்டுப்பாடு தவறினால் அது ஊதாத அடுப்பாக அணைந்துவிடும்.